கண்ணுக்குப் பிடிபடாத 200

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்குக் கிழக்கே, கோவைப் பக்கம், எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடத்துக்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயர். மேற்கே பாலக்காட்டுப் பக்கம் அதுவே ‘ஜோதிஸ்’. இரண்டு பக்கமும் பரிசோதனை இலவசம். கிருமி இருக்கிறதா, இல்லையா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். உடலில் எதிர்ப்பு சக்தி எவ்வளவு மிச்சம் என்பது மட்டும் அதில் தெரியாது. அதற்கு சி.டி.4 அணுக்களை எண்ண வேண்டும்; எண்ணும் இயந்திரம் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கும்.

2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. மருந்து தந்த மருத்துவமனைகளின் பட்டியலில் தாம்பரம் சானட்டோரியம் அப்போதே இருந்தது. மருந்து கொஞ்சம், காத்திருப்போர் ஏராளம். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே போயிருந்தால் மருந்து உண்டு என்பது அன்றைய பொது அளவுகோல். எண்ண வழியில்லாத ஊரில் என்ன செய்வது?

மருத்துவர்கள் உடலைப் பார்த்தார்கள். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறதா, வாயில் வெண்படலம் படர்ந்திருக்கிறதா, காசநோய் வந்திருக்கிறதா என்று கணித்து, நோயாளிகளை நான்கு நிலைகளாகப் பிரித்தது உலக சுகாதார நிறுவனம். கூடவே ஒரு மலிவான கணக்கும் இருந்தது. சாதாரண ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் 5,000, அவற்றில் நிணவணுக்கள் 24 சதவீதம் என்றால், மொத்த நிணவணுக்கள் 1,200. அந்த எண்ணுக்குக் கீழே இறங்கி, அறிகுறியும் இருந்தால் மருந்து தொடங்கலாம் என்றார்கள். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் குழு, நம் நோயாளிகளின் ரத்தத்தையே வைத்துப் பார்த்து, 2002இல் 1,400 என்ற எல்லையை முன்வைத்தது. அவர்கள் அதைச் சொன்னது கூட்டு மருந்துக்கு அல்ல, தொற்றுகளைத் தடுக்கும் மாத்திரையை எப்போது தொடங்குவது என்பதற்கு. மலிவான அளவுகோலுக்கு அந்த அளவு வேலை கொடுத்ததே சரி என்பேன்.

ஏனென்றால் நிணவணுக் கூட்டத்தில் சி.டி.4 ஒரு பகுதிதான். கிருமி அதை அழிக்கும்போது சி.டி.8 என்ற இன்னொரு வகை பெருகுகிறது. உள்ளே சரிவு நடக்க, மொத்தத் தொகை அதிகம் அசையாமல் நிற்கும்.

2017இல் இந்தியா காத்திருப்பையே எடுத்துவிட்டது: கிருமி உறுதியானால், எண்ணிக்கை எதுவானாலும் அன்றிலிருந்தே மருந்து. யாருக்கு மருந்து என்ற கேள்வி அதோடு முடிந்தது. ஆனால் யார் உடனடி ஆபத்தில் இருக்கிறார் என்ற கேள்வி முடியவில்லை. கென்யா, மலாவி, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், சி.டி.4 எண்ணிக்கை 100க்கும் கீழே போனவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் முதல் இரண்டு நிலைகளில்தான் இருந்தார்கள். பார்வைக்கு நல்லபடியாக நடமாடுகிறவர்கள்! கூட்டு மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே மூளைக்காய்ச்சலோ காசநோயோ கொண்டுபோகக்கூடியவர்களும் இவர்கள்தான்.

இப்போது விரல்நுனி ரத்தத்தில் சி.டி.4 பார்க்கும் சோதனைப் பட்டை வந்திருக்கிறது. இயந்திரம் வேண்டாம், நாற்பது நிமிடம் போதும். சரியான எண்ணைச் சொல்லாது. 200க்கு மேலா கீழா என்பதை மட்டும் காட்டும். கீழே என்றால் அடுத்ததாக கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கு ஒரு பட்டை, காசநோய்க்கு ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. பூஞ்சை ரத்தத்தில் மட்டும் இருந்து மூளையைத் தொடாமலிருந்தால், ஃப்ளூகோனசோல் மாத்திரையால் தடுத்துவிடலாம். எல்லையோரத்தின் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் பெரிய இயந்திரத்தைவிட இந்த மூன்று பரிசோதனைகளும்தான் முதலில் வந்து சேர வேண்டும்.