கடவுளோடு கோபித்துக்கொண்ட அக்கா

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமமொன்றில், புதன்கிழமை பின்னேரம் மூன்றரை மணியானால் சிறிய தேவாலயத்தின் விறாந்தையில் இரண்டு பன்பாய்கள் விரிக்கப்படும். எட்டு, ஒன்பது பெண்கள் வருவார்கள். ஒருவர் கச்சான் தோட்டத்து மண் காலில் ஒட்டியிருக்க அப்படியே வருவார். இன்னொருவர் ஆடைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, நித்திரை கொண்டு எழும்பிய முகத்தோடு வருவார். பிள்ளைகளை ரியூசனில் விட்டுவிட்டு வரும் இருவர் அடிக்கடி நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வேதாகமத்தை இரண்டு பேராகப் பார்த்து வாசிப்போம். ஐந்து மணிக்கு முன் எழும்பிவிடுவோம்.

2017ஆம் ஆண்டு தொடங்கிய இந்த வேதாகம வட்டத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். முதலில் ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு சமூகப் பணியாளர். வாழ்வாதார உதவி, பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பதிவு, பிரதேச செயலகத்துக்கு அலைவது, இவைதான் என் வேலை. இந்த வட்டம் என் வேலையல்ல. திருச்சபையின் ஓர் அங்கத்தவளாகவே அங்கு போகிறேன். அங்கே போகும்போது பட்டியல் கொப்பியைக் கொண்டுபோவதில்லை. கோழிக்குஞ்சு யாருக்கு, தையல் இயந்திரம் யாருக்கு என்ற கதையை அந்தப் பாயில் எடுக்க விடுவதுமில்லை. யுத்தம் முடிந்த காலத்தில் சாப்பாட்டுப் பொதியையும் செபத்தையும் ஒரே கையால் நீட்டியவர்களை நம் சனங்கள் கண்டிருக்கிறார்கள். பொதிக்காகக் கும்பிட்டவர்களின் கூச்சம் இன்னும் மாறவில்லை. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

எங்கள் வட்டத்தில் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள், மெதடிஸ்த, தென்னிந்தியத் திருச்சபைப் பெண்களும் இருக்கிறார்கள். அயல் வீட்டுச் சைவப் பெண் ஒருவரும் வருவார். "கதை கேக்க வாறன்" என்பார். திருநீறு பூசிக்கொண்டே வருவார். அதில் எங்களுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது துணை நின்றவர் ஆறுமுக நாவலர். 1850இல் அச்சான அந்த வேதாகமத்தில் ஒரு பெரிய சைவரின் தமிழ் இருக்கிறது.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். ஊரையும் சொல்லவில்லை. எழுதலாமா என்று கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

அக்காவின் மூத்த மகனுக்கு அப்போது பதினேழு வயது. 2009 மே மாதம் வட்டுவாகலில் கடைசியாகக் கண்டவர். அதன் பிறகு இல்லை. செட்டிக்குளம் முகாமில் இருந்தபோதும், ஊருக்குத் திரும்பி வந்த பின்பும் அக்கா விடாமல் செபித்தார். ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த ஒரு போதகர் அவருடைய தலையில் கைவைத்து, "உமக்கு விசுவாசம் இருந்தால் வரும் நத்தாருக்கு மகன் வீட்டில் நிற்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா மகனுக்கு ஒரு சேர்ட் வாங்கி வைத்தார். அளவு தெரியாமல், வளர்ந்திருப்பான் என்று ஒரு சைஸ் கூட்டியே வாங்கினாராம். நத்தார் வந்தது. மகன் வரவில்லை. மகன் வராததோடு, விசுவாசம் காணாது என்ற பழியும் அவர் தலையிலேயே விழுந்தது. அன்றோடு வேதாகமத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

எங்கள் வட்டம் தொடங்கியபோது அவர் வந்தது வாசிப்பதற்கு அல்ல. "வீட்டில தனிய இருக்கேலாது" என்றார். சுவரோரமாக இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். அக்கா மகனின் படத்தோடு அங்கும் போய் இருந்துவிட்டு வருவார். ஒரு பக்கம் அரசாங்கத்திடம் கேள்வி. மறுபக்கம் கடவுளிடம் கேள்வி. இரண்டுக்கும் பதில் இல்லை.

நான் விட்ட பிழையை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஒருநாள் அக்கா வாய் திறந்து, "ஏன் எனக்கு மட்டும்?" என்று கேட்டார். பலர் அழுதார்கள். அந்த அமைதி எனக்குத் தாங்க முடியவில்லை. எல்லாம் நன்மைக்கே நடக்கிறது என்ற கருத்தில் பவுல் எழுதிய வசனம் ஒன்றை எடுத்து வாசித்தேன். அக்கா எழும்பினார். செருப்பைப் போட்டார். போய்விட்டார். மூன்று புதன்கிழமை வரவில்லை.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். எமில் துர்க்கைம் என்ற பிரெஞ்சு அறிஞர் சமயத்தைப் பற்றி 1912இல் எழுதியதைப் பரீட்சைக்குப் பாடமாக்கியவள். கூடி வழிபடும்போது மனிதர் உணரும் பலம் அந்தக் கூட்டத்திலிருந்தே பிறக்கிறது என்பது அவர் கருத்து. போலீன் பொஸ் என்ற அமெரிக்க அறிஞரையும் வாசித்திருக்கிறேன். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பை அவர் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். அந்த இழப்புக்கு முடிவில்லை. அதனால் துக்கமும் தொடங்க முடியாமல் நிற்கிறது. இவ்வளவும் தெரிந்தும், ஒரு தாயின் கேள்விக்கு முன்னால் பத்து விநாடி வாயை மூடியிருக்க எனக்குத் தெரியவில்லை.

நாலாவது கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஒடியல் காய வைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"தங்கச்சி, நீ வாசிச்ச வசனம் எனக்கும் தெரியும். ஞாயிறு பள்ளியில பாடமாக்கினது. எனக்கு இல்லாதது வசனம் இல்லை, பக்கத்தில இருக்க ஆள்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்து 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் சத்தமில்லாமல் உதடு மட்டும் அசையச் செபிக்கிறாள். வாசல் நிலையடியில் இருந்த ஆசாரியன் ஏலி அவள் வெறியில் இருக்கிறாள் என்று நினைத்து ஏசுகிறான். தினமும் ஆலயத்தில் இருப்பவனுக்கே ஒரு பெண்ணின் துயரம் விளங்கவில்லை. அன்னாள் திருப்பிப் பதில் சொன்ன பிறகுதான் அவன் தன் பிழையை உணர்கிறான். அன்று நானும் ஏலியாகத்தான் இருந்தேன்.

அதன் பிறகு வட்டம் நடக்கும் முறையை மாற்றினோம். ஒரு பகுதியை இரண்டு தரம் வாசிப்போம், பதினைந்து வசனத்துக்கு மேல் போவதில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படுபவர்களும் இருப்பதால் ஒருவர் ஆறுதலாக, உரத்து வாசிப்பார். பிறகு இரண்டு மூன்று நிமிடம் ஒருவரும் கதைப்பதில்லை. தொடக்கத்தில் எனக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. அதன் பிறகு கேள்வி கேட்போம். இந்தக் கதையில் யார் கதைக்கிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள்? என்ன இழந்தார்கள்? அவளுக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? எல்லோரும் சொல்லி முடியும்வரை ஒருவரும் விளக்கம் சொல்லக்கூடாது, போதகராக இருந்தாலும். கதைக்க விருப்பமில்லாதவர் தலையாட்டினால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். பாயில் கேட்டதைப் பாயோடு விட்டுவிட வேண்டும். இது புதிதாக நாங்கள் கண்டுபிடித்த முறையல்ல. தென்னாபிரிக்காவில் லும்கோ நிறுவனம் பரப்பிய ஏழு படிமுறையைக் கத்தோலிக்க அன்பியங்களில் இருந்தவர்கள் அறிவார்கள். அதிலிருந்தும் எடுத்தோம், எங்கள் வசதிக்கு மாற்றியும் கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதைக்கும்போது சிலருக்குக் கை நடுங்கும், மூச்சு முட்டும், செல் விழுந்த இடத்துக்கே மனம் போய்விடும். அப்படியானால் வாசிப்பை நிறுத்துவோம். தண்ணீர் கொடுத்து, ஒருவர் கையைப் பிடித்துக் கிணற்றடிவரை நடத்திக்கொண்டு போவார். நித்திரையில்லாமல் கிழமைக் கணக்காக இருப்பவரையும், சாகலாம் போலிருக்கிறது என்று சொல்பவரையும் செபித்து மட்டும் அனுப்புவதில்லை. ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு யாராவது ஒருவர் கூடப் போவோம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைத் தேவாலயக் கதவில் ஒட்டியிருக்கிறோம். மருந்து குடிப்பது விசுவாசக் குறைவு என்று எவர் சொன்னாலும் காதில் போடாதீர்கள், சகோதரிகளே.

அக்கா திரும்பி வந்தார். நான் கூப்பிட்டதற்காக அல்ல, ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளை கூப்பிட்டதற்காக. அன்று மாற்கு இரண்டாம் அதிகாரம். நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். சனக்கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்களுக்குக் கூரை பிரிப்பது சிரிப்பை வரப்பண்ணியது. வீட்டுக்காரன் பாவம் என்றார்கள். அப்போது அந்தச் சைவப் பெண், "படுத்திருக்கிறவர் ஒண்டும் கேக்கேல்லையே. தூக்கி வந்த ஆக்களின்ர நம்பிக்கையைத்தானே அவர் பாக்கிறார்?" என்றார்.

அப்படித்தான் எழுதியிருக்கிறது. இயேசு கண்டது அவர்களுடைய விசுவாசத்தை. நான் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன், கவனித்ததில்லை. அக்கா பாக்கை வெட்டாமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். "அப்ப எனக்கு இல்லாட்டிலும் பரவாயில்லையோ?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நெருங்கி இருந்தார்.

தனிப்பட்ட விசுவாசம் தனியாக இருந்துதான் வளர வேண்டும் என்று நினைத்திருந்தேன். அக்காவின் விடயத்தில் அப்படி நடக்கவில்லை. பல மாதங்கள் அவர் மற்றவர்களின் விசுவாசத்தில் படுத்திருந்தார். அவருக்காகச் செபிக்கிறோம் என்று நாங்கள் உரத்துச் சொல்லவுமில்லை. வந்தால் பாயில் இடம் விட்டோம், வராவிட்டால் ஆள் அனுப்பினோம்.

புலம்பல் சங்கீதங்களை வாசித்தது அதன் பிறகு. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறைப்பாடுதான். 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. "இப்பிடியும் வேதத்தில கிடக்கோ? கோயில்ல ஒருநாளும் வாசிக்கேல்லையே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரசங்கத்துக்கு எடுக்கும் சங்கீதங்கள் எவை, எடுக்காதவை எவை என்று நம் போதகர்களும் ஒருதரம் யோசிக்கலாம்.

பிறகு ஒரு புதன்கிழமை ரிஸ்பாளின் கதை, 2 சாமுவேல் 21. சவுலின் மறுமனையாட்டி அவள். அவளுடைய இரண்டு பிள்ளைகளோடு சவுலின் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் சவுல் செய்த குற்றத்துக்காகக் கொல்லப்பட்டு, மலையில் கிடக்கிறார்கள். வாற்கோதுமை அறுப்புத் தொடங்கும் காலம். அவள் இரட்டுத் துணியைப் பாறையில் விரித்து அங்கேயே இருக்கிறாள். மழை பெய்யும்வரை, பகலில் பறவையும் இரவில் மிருகமும் அந்த உடல்களில் தொடாமல் காக்கிறாள். முழுக் கதையிலும் அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. கடைசியில் செய்தி தாவீது ராஜாவின் காதுக்குப் போகிறது. எலும்புகளைச் சேர்க்கச் சொல்கிறான். சவுலுக்கும் யோனத்தானுக்கும் முறையான அடக்கம் நடக்கிறது. அதற்குப் பிறகே தேசத்துக்காகச் செய்த வேண்டுதலைக் கடவுள் கேட்டார் என்று எழுதியிருக்கிறது.

வாசித்தவரின் குரல் இடையில் நின்றுவிட்டது. அக்கா வேதாகமத்தை வாங்கி, மிச்சத்தைத் தானே வாசித்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவர் வாசித்தது அன்றுதான். முடித்துவிட்டு, "அவளுக்கு எலும்பெண்டாலும் கிடைச்சுது" என்றார்.

வழமைபோல் செபத்துக்குக் கண் மூடினோம். அக்கா கண்ணை மூடவில்லை. "ஆண்டவரே, நான் உம்மோட கோவம். எட்டு வருசமாக் கோவம். நீர் என்னை ஏமாத்திப்போட்டீர். என்ர பிள்ளை எங்க எண்டு சொல்லும்" என்றார். ஆமென் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. யாரோ ஒருவர் மூக்கைச் சீறும் சத்தம் மட்டும் கேட்டது.

போகும்போது கேற்றடியில் அக்காவிடம் மெல்லக் கேட்டேன், இப்போது மனம் எப்படி என்று. "இல்லாத ஆளோட ஒருத்தரும் கோவிக்கமாட்டினம் தங்கச்சி" என்றார். பெட்டிக்குள் வைத்த வேதாகமம் அந்தக் கிழமை வெளியே வந்தது.

மகனைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. 2018இல் செயற்படத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் அக்கா விபரம் கொடுத்திருக்கிறார். சேர்ட் இன்னும் மடித்தபடி இருக்கிறது. வட்டத்தில் எல்லோருக்கும் அக்காவைப்போல ஆகிவிடவும் இல்லை. ஒருவர் எங்களை விட்டு வேறு சபைக்குப் போனார். இன்னொருவர், நுண்கடன்காரர் வீட்டுக்கு வரும் நாள் புதன்கிழமை என்பதால் வராமல் விட்டார். அதற்கு நாள் மாற்ற முடியுமா என்று இப்போது பார்க்கிறோம்.

போன கிழமை வேறொரு வேலையாக அக்காவின் வீட்டுக்குப் போனேன். பின்னேரம் விளக்கு வைத்துத் தனியே இருந்து வாசிக்கும் பழக்கம் இப்போது அவருக்கு வந்திருக்கிறது. மேசையில் வேதாகமம் திறந்தபடி கிடந்தது, மேலே கண்ணாடி.

"இண்டைக்கு ஆண்டவரோட என்ன கதைச்சீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

"ஏசினனான்" என்று சொல்லிவிட்டு, ஆட்டைக் கட்ட எழும்பிப் போனார்.