நீர் வடியாத மண்ணுக்கு வலுவூட்டும் விரிப்பு

மண் அழுத்தத்தைத் தாங்குமேயன்றி இழுவிசையைத் தாங்காது என்பதால், கரைகளிலும் தாங்குசுவர்களிலும் மண்ணடுக்குகளுக்கிடையே ஜியோசிந்தெடிக் எனப்படும் பாலிமர் விரிப்புகளைப் பரப்பி, உராய்வினால் மண்ணைப் பிணைத்து நிறுத்துகின்றனர்.

1960-களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி விடால் உலோகப் பட்டைகளைக் கொண்டு மண்ணுக்கு வலுவூட்டும் முறையை வகுத்த காலந்தொட்டு, நீர் எளிதில் வடியும் மணலும் சரளையுமே நிரப்பு மண்ணாக விரும்பப்பட்டன. களிமண்ணை ஒதுக்கியதற்குத் தக்க காரணம் உண்டு: மழைநீர் அதன் நுண்துளைகளில் சிறைப்பட்டு அழுத்தம் பெறும்போது, துகள்கள் ஒன்றையொன்று பற்றும் விசை குறைந்து, விரிப்பின் மீதான பிடியும் தளர்கிறது. ஆயினும் கையருகே கிடக்கும் மண்ணைக் கழிவென்று கொட்டிவிட்டு, ஆற்றுமணலைத் தொலைவிலிருந்து கொணர்வது பணத்துக்கும் ஆற்றுக்கும் கேடு.

1980-களில் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஃபுமியோ தட்சுவோக்காவும் அவருடைய குழுவினரும், எரிமலைச் சாம்பலிலிருந்து தோன்றிய கான்டோ களிமண்ணைக் கொண்டு சோதனைக் கரைகளை எழுப்பி, நெய்யப்படாத துணிவிரிப்புகளை அவற்றின் இடையே பரப்பினர். தடித்த கம்பளம் போன்ற இவ்விரிப்பு தன் தளத்தின் வழியே நீரை வெளியே கடத்துவதால், வலுவூட்டியாகவும் வடிகாலாகவும் ஒருங்கே பணியாற்றுகிறது. இந்த இரட்டைத் தன்மையே இம்முறையின் உயிர்நாடி. எனினும், சுவரின் பின்புறத்திலிருந்து ஊறிவரும் நீருக்குத் தனி வடிகால் அமைக்காமல் களிமண்ணை நிரப்புவது பெரும்பிழையாகும்.