வானளவும் தரைக்குறியும்

தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் உள்ளது புன்னைக்காயல். 2023 டிசம்பரில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் மழை பெய்ய, ஆறு பெருகி இவ்வூரைச் சூழ்ந்தது. இத்தகைய தாழ்நிலத்தில், ஒரு வீட்டினுள் நீர் புகுமா புகாதா என்பதை ஒரு சாண் உயரமே தீர்மானித்துவிடும். எனவே வெள்ளத்தின் வழியை முன்னரே கணிப்பதற்கு நிலத்தின் உயரம் பிழையின்றித் தெரிதல் வேண்டும்.

இந்நாளில் விமானத்திலிருந்து லேசர் ஒளியைத் துடிப்புகளாகச் செலுத்தி, அது தரையிற்பட்டு மீளும் காலத்தைக் கொண்டு உயரத்தைக் கணக்கிடுகின்றனர். அக்காலத்தில் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினும் தொலைவு 15 சென்டிமீட்டர் பிசகும். கருவியைப் பொருத்திய கோணம் ஒரு பாகையில் நூறிலொரு பங்கு மாறியிருப்பின், 1000 மீட்டர் உயரத்தினின்று நோக்குங்கால் தரைப்புள்ளி 17 சென்டிமீட்டர் விலகும். இப்பிழையைக் கருவி தானே உணராது. தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவனை நான் என்றும் நம்பியதில்லை!

இந்த ஐயம் புதியதன்று. 1802-இல் பரங்கிமலையருகே ஏழு மைலுக்கு மேற்பட்ட அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்த லாம்டன், முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே பெங்களூர் சென்றார். அங்கே 1804-இல் மற்றொரு கோடு நேரே அளக்கப்பட்டு, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிடப்பட்டது. வேற்றுமை நான்கு அங்குலத்திற்கும் குறைவே.

லேசருக்கு அத்தகைய சாட்சியாக அமைவது தரைக்குறி. லேசர்ப் புள்ளிகள் இடைவெளிவிட்டு விழுவதால், சிறு ஆணியோ கல் முனையோ அவற்றிற்கு அகப்படாது. ஆகவே ஏறத்தாழ 2 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தட்டைத் தரைக்குச் சற்று மேலே கிடையாக நிறுத்துவர். நடுவில் வெண்மை, சுற்றிலும் கருமை. வெண்மை ஒளியை மிகுதியாகத் திருப்பும். கருமை குறைவாகத் திருப்பும். எத்திசையினின்று பறந்தாலும் வட்டம் வட்டமே யாதலின், அதன்மேல் விழுந்த புள்ளிகளைக் கொண்டு மையத்தைக் கணக்கிடலாம். அம்மையத்தின் உண்மையான இடத்தையும் உயரத்தையும் செயற்கைக்கோள் நிலைகாண் கருவியாலும் மட்டக் கருவியாலும் தனியே அளந்து வைத்திருப்பர்.

எல்லாத் தட்டுகளும் ஒன்றுபோல் 12 சென்டிமீட்டர் மேலே காட்டினால் அது ஒருமுகப் பிழை, கழித்துவிடலாம். ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாகக் காட்டினால் அது சிதறற் பிழை. அதைக் கழிக்க இயலாது, அதன் அளவை ஒளிக்காது வெளியிடுதலே முறை. இன்னொன்றும் கூறவேண்டும். திருத்தத்திற்குப் பயன்பட்ட தட்டையே சோதனைக்கும் கொள்ளலாகாது. சில தட்டுகளை இறுதிவரை தொடாமல் வைத்திருத்தல் வேண்டும்.

புன்னைக்காயலில் இவற்றை எங்கே வைப்பது? கடற்கரை மணல் காற்றில் இடம்பெயரும். பனைமரத்தடியில் ஓலை ஒளியை மறைக்கும். ஈரச் சேற்றில் தட்டின் கால் இறங்கும். வானம் பார்த்த கெட்டியான முற்றமே ஏற்றது. விமானம் பறந்து முடியும்வரை ஆடும் மாடும் பிள்ளைகளும் தட்டை அசைத்துவிடாதபடி ஓர் ஆள் அருகில் நிற்பதும் அவசியம்.