ஏர்கன் குண்டு வாங்குமுன்

ஏலக்காயை 8 மில்லி, 7 மில்லி என்று சலித்து வாங்குகிற நாம், கிட்டங்கி எலிக்கு ஏர்கன் குண்டு வாங்கும்போது மட்டும் விலையைப் பார்த்தே வாங்கிவிடுகிறோம். 0.177 குண்டு சுமார் அரை கிராம். பின்பக்க விளிம்பு நசுங்கியிருந்தால் காற்று கசிந்து குறி விலகும். தாளில் கொட்டிப் பொறுக்குங்கள். தூரத்துக்கு உருண்டைத் தலை, கிட்டத்துக்குத் தட்டைத் தலை. அட்டையில் ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தால்தான் எது சேரும் என்று தெரியும்.

மூட்டைப் பக்கம் சுடவே கூடாது, அங்கே எலிப்பொறிதான். ஒருமுறை எங்கள் சல்லடையில் ஈயக் குண்டு ஒன்று நின்றது. ஏல மையத்து மாதிரியில் அகப்பட்டிருந்தால் எங்கள் பெயர் என்னாவது? அந்த மூட்டை முழுவதையும் கழித்தோம்.

போடிமெட்டுத் தோட்டத்துக்காரர் சிலர் மலையணிலுக்கும் முயலுக்கும் கேட்கிறார்கள். 4.5 மில்லிமீட்டர், 20 ஜூலுக்குள் உரிமம் வேண்டாம் என்பார்கள். துப்பாக்கிக்குத்தான் வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டப்படி அது வேட்டை. நாங்கள் கொடுப்பதில்லை.