வசூலுக்குப் போன புல்லட்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரை நமக்கு வசூல் பாதை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று கடைக்குக் கடை நின்று போக வேண்டும். 1986 முதல் இந்தப் பாதையில் நம்மைச் சுமந்தது ஒரு புல்லட். அதன் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். சில கடைக்காரர்கள் பணத்தை எண்ணி வைப்பார்கள். சிலர் அதற்குள் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள்!

இங்கிலாந்தில் பிறந்த வண்டி இது. நம் ராணுவத்துக்குத் தேவைப்பட்டதால், 1955-ல் சென்னையில் கம்பெனி தொடங்கி, திருவொற்றியூரில் தயாரானது. அங்கே தாய்க் கம்பெனி மூடிய பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை.

பழைய புல்லட்டை ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது சொன்னவுடன் கிளம்பாது. சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துச் சற்றே நகர்த்தி, லீவரை விட்டு, ஒரே மிதி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு வண்டி ஓட்டியவர் ஏறினால் தடுமாறுவார்.

ஒருநாள் அவசரத்தில் முள்ளைப் பார்க்காமல் மிதித்தோம். கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் வீங்கிப் பத்து நாள் மண்டியை விட்டு நகரவில்லை. தப்பு நம்முடையது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. சாலையெங்கும் மரங்கள், வேன் போக வழியில்லை. கிளைகளை வெட்டி ஆள் நுழையும் அளவு வழி விட்ட இடங்களில் புல்லட் நுழைந்தது. பின்னால் 25 கிலோ அரிசிச் சிப்பம், மெழுகுவத்தி, தீப்பெட்டி. ஆலப்பாக்கத்தில் சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்தவர், வழக்கமாகச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிற அதே கடைக்காரர். "அண்ணாச்சி, இன்னைக்குத்தான் இந்தச் சத்தம் இனிக்குது" என்றார். பாக்கியைப் பற்றி நாமும் பேசவில்லை. அறுவடை முடிந்ததும் அவரே வந்து தீர்த்தார்.

"பட்டனைத் தொட்டால் கிளம்புகிற வண்டி இருக்கிறதே, இதை விற்றுவிடலாம்ப்பா" என்கிறான் மகன். நம் முழங்காலும் அவன் கட்சிதான். போன மாதம் விலை பேச ஆளும் வந்தார். சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை. இப்போது கடைப் பையன் மிதிக்கிறான், முள்ளை நாம் பார்த்துச் சொல்கிறோம்.

ஒன்று சொல்ல வேண்டும். பிரேக், டயர் விஷயத்தில் பாசம் கூடாது. தேய்ந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும். மற்ற குறைகளோடு பழகிக்கொள்ளலாம். வாடிக்கையாளரும் அப்படித்தான். யாருக்கு எந்த மாதம் கை இறுகும் என்று தெரிந்தவர், கடனும் கொடுக்கலாம், வசூலும் செய்யலாம்.