ஆடு புலி ஆட்டம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த நிலங்கள். குண்டாற்றில் நீர் ஓடுவது சில நாள். வெயில் காய்வது பல நாள். கண்மாய் பெருகாத ஆண்டில் உழவர்க்குக் கைகொடுப்பவை ஆடுகளே. நண்பகலில் மந்தை மரநிழலில் படுத்து அசைபோடும்பொழுது மேய்ப்பவர்க்குச் சற்றே ஓய்வு கிட்டும். அவ்வோய்வுக்கு ஏற்ற விளையாட்டு ஆடு புலி ஆட்டம். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் கல்தளங்களிலும் இதன் கட்டம் செதுக்கப்பட்டிருக்கக் காணலாம்.

கரிசற்காட்டில் புலி ஏது என்று சிலர் வினவக்கூடும். இதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் மலை உண்டு. அங்குள்ள திருவில்லிபுத்தூர் – மேகமலைக் காடு 2021ஆம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

கட்டம் வரைவது எளிது. ஓர் உச்சியினின்று நான்கு கோடுகள் விரிந்து இறங்கும். அவற்றின் அடிமுனைகளை ஒரு கோடு இணைக்கும். இடையே மூன்று கிடைக்கோடுகள் அந்நான்கையும் வெட்டி, இருபுறமும் சற்று நீண்டு நிற்கும். நீண்ட நுனிகளைப் பக்கத்துக்கு ஒரு கோடு மேலிருந்து கீழாகச் சேர்க்கும். கோடுகள் கூடும் இடங்கள் 23.

புலிகள் மூன்று; ஆடுகள் பதினைந்து. புலிக்குக் கூழாங்கல்லும் ஆட்டுக்குப் புளியங்கொட்டையும் போதும். சில ஊர்களில் மூன்று புலிகளையும் முதலிலேயே மேற்பகுதியில் வைத்துவிடுவர். வேறு சில ஊர்களில் ஆடும் புலியும் மாறிமாறி வைப்பர். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரலாகாது. அதன்பின் கோட்டின் வழியே ஓர் இடம் நகரலாம். புலியும் அவ்வாறே நகரும். அன்றியும், அடுத்துள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி அப்பால் உள்ள வெற்றிடத்தில் இறங்கினால் அவ்வாடு வெட்டுண்டதாகும். மூன்று புலிகளும் அசைய இயலாமல் அடைபட்டால் வெற்றி ஆட்டுக்கு. எத்தனை ஆடு வெட்டுண்டால் புலி வென்றதாகும் என்பதை ஆடுவோர் முன்னரே பேசிக்கொள்வர்.

ஆட்டைக் கொல்வது புலி மட்டுமன்று; ஆட்டின் பின்னால் உள்ள வெற்றிடமும் ஆகும். இதனை அறியாதவன் முதல் ஆட்டைப் புலிக்கு நேர்கீழே நடுவில் வைத்து, அப்பொழுதே இழப்பான். அறிந்தவனோ ஓரத்தைத் தேடுவான். பக்கக் கோடுகளின் நான்கு மூலைகளிலும் அடிக்கோட்டின் இரு முனைகளிலும் நிற்கும் ஆட்டைத் தாண்டிக் குதிக்க இடமே இல்லை. புலி முந்திக்கொள்ளாவிடில் இவ்வாறு இடங்களிலும் ஆறு ஆடுகளை நிறுத்தலாம். அவை அங்கே நிலைத்து நிற்கும்வரை, பக்கங்களின் நடுவில் இரண்டும், அடிக்கோட்டின் நடுவில் இரண்டுமாக மேலும் நான்கு ஆடுகள் அச்சமின்றி நிற்கும். கிடை போடுவோர் பட்டியைச் சுற்றி வலை கட்டுவதை இது ஒக்கும். இங்கே ஆடுகளே வலையாகின்றன!

இடர் எஞ்சிய ஐந்தில்தான். அவை உள்ளே, புலிகளின் நடுவே இறங்கவேண்டும். ஒன்றும் இழக்காமல் பதினைந்தும் இறங்கிவிட்டால், 23 இடங்களில் ஐந்தே வெறுமையாக இருக்கும். ஆயினும் அப்பொழுது அடுத்த தொல்லை தொடங்குகிறது. முறை வந்தால் ஆடு நகர்ந்தே ஆகவேண்டும். ஒன்று நகர்ந்தாலும் அது விட்ட இடம் மற்றொன்றின் பின்னால் வெற்றிடமாகலாம்.

புலி ஆடுவோனும் இடம் அறிந்து நிற்றல் வேண்டும். மூலையில் நிற்கும் புலிக்கு வழி இரண்டே. இரண்டு ஆடுகளும் அவற்றின் பின்னே இரண்டும் நின்றால் அது அடைபட்டுவிடும். உச்சியில் நிற்கும் புலிக்கு வழி நான்கு. அதனை அடைக்க எட்டு இடங்கள் நிரம்பவேண்டும். ஆதலால் ஓர் ஆட்டின் ஆசைக்காக மூலைக்குள் புகுவது பெரும்பிழை.

நேபாளத்தில் பாக்சால் என்னும் பெயரில் இதற்கு உறவான ஆட்டம் உண்டு. அங்கே புலி நான்கு; ஆடு இருபது. இரு தரப்பினரும் பிழையின்றி ஆடினால் அவ்வாட்டம் வெற்றி தோல்வியின்றி முடியும் எனக் கணிப்பொறி வழியே நிறுவிய ஆய்வு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. மரநிழலில் ஆடுவோர் பிழை செய்யாதிருப்பது அரிது. அங்கே ஒருவர் வென்றே தீர்வார். தோற்றவர் புளியங்கொட்டைகளைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டு மறுபடியும் தொடங்குவார்.