லாவ் வழக்கிலிருந்து எல்பாக் வரை

1970 வாக்கில் சான்பிரான்சிஸ்கோ அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 2,800 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 1,800 பேருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தனியாக எந்த ஏற்பாடும் இல்லை. பிள்ளை வகுப்பில் உட்காரும், ஆசிரியர் பேசுவதைப் பார்க்கும், மணி அடித்ததும் வீட்டுக்குப் போகும். எல்லோருக்கும் கொடுத்த அதே புத்தகம், அதே பெஞ்சு, அதே ஆசிரியர். இதற்குமேல் பள்ளி என்ன செய்ய வேண்டும் என்பது நிர்வாகத்தின் வாதம். கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன.

பெற்றோர் விடவில்லை. லாவ் என்ற மாணவரின் பெயரில் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. மொழி புரியாத பிள்ளைக்கு எல்லோருக்கும் தருவதையே தருவது சமமாக நடத்துவது ஆகாது என்று 1974 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஆனால் என்ன முறையில் கற்பிப்பது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சீனத்திலேயே பாடம் நடத்தலாம், ஆங்கிலத்துக்குத் தனி வகுப்பு வைக்கலாம், வேறு வழியும் காணலாம் என்று விட்டுவிட்டது. கலிபோர்னியாவில் அடுத்த ஐம்பது ஆண்டுச் சண்டை இந்த இடைவெளியில்தான் நடந்தது.

அன்றைய அந்தப் பிள்ளைகள் என்ன கற்றார்கள், எதில் நின்றுபோனார்கள் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டவேண்டிய கட்டாயம் எந்தப் பள்ளிக்கும் இல்லை. இதை மறந்துவிட்டு இன்றைய தேர்வுகளைத் திட்டுவது நியாயமில்லை. தேர்வு வேண்டும் என்று கேட்டவர்களில் சிவில் உரிமை அமைப்புகளும் இருந்தன. மொத்தச் சராசரிக்குள் ஏழைப் பிள்ளையையும் புதிதாக வந்த பிள்ளையையும் ஒளித்துவைக்கும் வழக்கத்தை ஒழிக்க, பிரிவு பிரிவாக மதிப்பெண் காட்டச் சொல்வதே அவர்களுக்குத் தெரிந்த வழி.

ஆனால் தேர்வு வந்த விதம் வேறு. 1998இல் கலிபோர்னியாவில் இருமொழி வகுப்புக்கான தடையும் ஆங்கிலத் தேர்வும் ஒன்றாக வந்து இறங்கின. ரான் அன்ஸ் என்ற மென்பொருள் தொழிலதிபர் முன்னின்று நடத்திய 227ஆம் முன்மொழிவு 61 சதவீத வாக்கில் வென்று, இருமொழி வகுப்புகளைப் பெருமளவு மூடியது. வந்த பிள்ளைக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆங்கிலப் பயிற்சி, பிறகு பொது வகுப்பு என்பது அதன் கணக்கு. அதே ஆண்டு இரண்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை எல்லோரும் மாநிலத் தேர்வை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. வந்து இரண்டரை ஆண்டு ஆகாத பிள்ளைகளை அந்தத் தேர்வில் உட்காரவைக்க சான்பிரான்சிஸ்கோ கல்வி மாவட்டம் மறுத்தது. மாநில அரசு அதன்மேல் வழக்குத் தொடுத்தது. கால் நூற்றாண்டுக்கு முன்பு மொழி தெரியாத பிள்ளைகளைக் கவனிக்கவில்லை என்று நீதிமன்றம் ஏறிய அதே மாவட்டம், இப்போது அத்தகைய பிள்ளைகளுக்காகக் கூண்டில் நின்றது.

2002இல் அதிபர் புஷ் கையெழுத்திட்ட 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டம் தேர்வுக் கட்டாயத்தை நாடு முழுவதற்கும் ஆக்கியது. 2014க்குள் நூற்றுக்கு நூறு மாணவர்களும் தேர்ச்சி பெற வேண்டும். ஒரு பிரிவு சறுக்கினாலும் பள்ளி முழுவதும் தோற்றதாகக் கணக்கு. தேர்வு நெருக்கடியின் அந்த ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் தொடக்கப் பள்ளிகளில் 'ஓபன் கோர்ட்' என்ற வாசிப்புப் பாடத்திட்டம் ஓடியது. எந்த வாரம் எந்தப் பக்கம் என்பது வரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். சரியாக நடத்துகிறார்களா என்று பார்க்க வரும் பயிற்சியாளர்களை ஆசிரியர்கள் 'ஓபன் கோர்ட் போலீஸ்' என்றே அழைத்தார்கள். நேற்று குவாத்தமாலாவிலிருந்து வந்த பிள்ளையை உட்காரவைத்து மெல்லப் பேசப் பழக்க அந்த அட்டவணையில் இடம் எங்கே?

அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை பலருக்கும் உடனே கண்ணில் படவில்லை. ஆங்கிலம் கற்போர் என்பது நிலையான பிரிவு அல்ல. நன்றாகக் கற்றவர் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுவார். புதிதாக வந்தவர் அவர் இடத்துக்கு வருவார். வகுப்பில் முதல் ஐந்து பேரை ஆண்டுதோறும் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டு, மிஞ்சியவர்கள் ஏன் மதிப்பெண் வாங்கவில்லை என்று அதே வாத்தியாரைக் கேட்பது மாதிரிதான் இது. பிற்பாடு, வெளியேறியவர்களின் மதிப்பெண்ணையும் சில ஆண்டுகள் சேர்த்துக்கொள்ள அனுமதித்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2015இல் வந்த புதிய சட்டத்தில் அது நான்கு ஆண்டு. காயம் கொஞ்சம் ஆறியது, அவ்வளவுதான்.

கலிபோர்னியாவில் இன்று ஏறக்குறைய 10 லட்சம் பேர் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஐந்தில் நான்கு பேரின் வீட்டுமொழி ஸ்பானிஷ். 2016இல் 227ஐ மக்களே வாக்களித்துத் தள்ளிவிட்டார்கள். 73 சதவீதம் பேர் எதிர்த்திசைக்கு வந்திருந்தார்கள். இருமொழி வகுப்பு தொடங்க இப்போது பள்ளிகள் தயார். நடத்த ஆசிரியர்தான் இல்லை. பதினெட்டு ஆண்டு அந்தப் பயிற்சி வற்றிக் கிடந்ததன் விலை இது.

தேர்வோ வற்றவே இல்லை. பிப்ரவரியில் தொடங்கி மே வரை எல்பாக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு: கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல். பேச்சுத் தேர்வை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக எதிரே உட்கார்ந்து நடத்த வேண்டும். அதை ஆசிரியரே நடத்தினால் வகுப்பை அந்த நாட்களில் வேறொருவர் பார்த்துக்கொள்வார். அது முடியும் சமயத்தில் மாநிலத் தேர்வு. நாட்டுக்கு வந்து பன்னிரண்டு மாதம் ஆகாதவருக்கு ஆங்கிலப் பாடத் தேர்விலிருந்து விலக்கு உண்டு, கணக்குக்குக் கிடையாது. பின்னம் நன்றாகத் தெரிந்த பையன், தள்ளுபடிக் கூப்பனும் பேஸ்பால் ஆட்டமுமாகப் போகும் கதையில் பின்னத்தைத் தேடிக்கொண்டிருப்பான். ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பும், பஞ்சாபி உட்பட வேறு சில மொழிகளில் சொற்பொருளும் இப்போது திரையில் கிடைக்கின்றன. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் தன் மொழியில் பள்ளி வாசலையே மிதிக்காத பிள்ளைக்கு அதையும் வாசிக்கத் தெரிய வேண்டுமே.

நான்கு வயதுப் பிள்ளைகளுக்கும் கிண்டர்கார்டன் எல்பாக்கையே வைத்துக்கொண்டிருந்தார்கள். 2024இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்த முடிந்தது.

இந்தக் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். ஃப்ரீமான்ட்டிலோ கூப்பர்டினோவிலோ பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டுமொழி பற்றி நான்கு கேள்விகள் கேட்பார்கள். முதல் மூன்றில் ஏதாவது ஒன்றுக்குத் தமிழ் என்று எழுதினால் முப்பது நாளுக்குள் பிள்ளைக்குத் தேர்வு. தேறாவிட்டால், பட்டியலிலிருந்து விடுவிக்கும்வரை ஆண்டுதோறும் எல்பாக். அதனால் வாட்ஸ்அப் குழுக்களில் அறிவுரை பறக்கிறது: "தமிழ்னு போடாதீங்க, இங்கிலீஷ்னே போட்டுடுங்க." அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. பட்டியலில் ஆறு ஆண்டுக்கு மேல் தேங்கி, விருப்பப் பாடம் எடுக்க நேரமே இல்லாமல் உயர்நிலைப் பள்ளி வரை போகும் பிள்ளைகள் நிஜமாகவே உண்டு. ஆனால் லாவ் குடும்பம் போன்றவர்கள் போராடி வாங்கிய உதவி அந்தப் படிவத்தின் வழியாகத்தான் வருகிறது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஆங்கிலம் என்று எழுதிவிட்டால், அது முதல் வகுப்பில் திணறும்போது காரணம் ஆசிரியருக்கு எளிதில் தெரியாது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கையில், ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ந்தவருக்குப் பட்டயத்தில் இருமொழிப் புலமை முத்திரை குத்தித் தருகிறது இதே மாநிலம். அதற்கும் தேர்வு உண்டு. அந்தத் தேர்விலிருந்து பிள்ளையைத் தப்பவைக்க வழி கேட்டு மட்டும் வாட்ஸ்அப்பில் யாரும் எழுதுவதில்லை.